லார்ச் வேலி இலையுதிர்கால மலையேற்றம்: குழுவாகப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் லார்ச் மரங்கள் நிறைந்த லார்ச் வேலி என்ற பள்ளத்தாக்கு ஒவ்வொரு செப்டம்பரிலும் பத்துப் பதினைந்து நாள் மட்டும் பொன்னிறமாக மாறுகிறது. அந்த நாட்களில் அங்கே நடக்க விரும்பும் குழுக்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. டொரன்டோவிலிருந்தோ கால்கரியிலிருந்தோ குடும்பமாகவும் நண்பர்களாகவும் கிளம்புகிறவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். கட்டணமும் பேருந்து நேரமும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அவற்றைத் தேசியப் பூங்காக்களை நிர்வகிக்கும் அரசு அமைப்பான பார்க்ஸ் கனடாவின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

லார்ச் வேலி எங்கே இருக்கிறது?

ஆல்பர்ட்டா மாநிலத்தில், மொரெய்ன் ஏரிக்கு மேலே. கால்கரியிலிருந்து லேக் லூயிஸ் ஊர் சுமார் 180 கி.மீ.; காரில் இரண்டு மணி நேரம். மொரெய்ன் ஏரி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1885 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கனடாவின் பழைய 20 டாலர் நோட்டின் பின்பக்கத்தில் இருந்த படம் இந்த ஏரியும் அதைச் சூழ்ந்த பத்துச் சிகரங்களும்தான். பாதை ஏரிக்கரையில் தொடங்கிக் காட்டுக்குள் ஏறுகிறது. லார்ச் வேலி ஒரு பக்கத்துக்கு 4.3 கி.மீ., ஏற்றம் 535 மீட்டர். அதையும் தாண்டிச் சென்டினல் பாஸ் என்ற கணவாய் வரை போனால் ஒரு பக்கத்துக்கு 5.8 கி.மீ., ஏற்றம் 725 மீட்டர். கணவாயின் உயரம் 2611 மீட்டர். நம் தொட்டபெட்டா 2637 மீட்டர் என்பதை நினைத்துக்கொண்டால் அளவு பிடிபடும். ஆனால் தொட்டபெட்டாவின் உச்சி வரை சோலைக்காடு உண்டு. இங்கே நிலநடுக்கோட்டிலிருந்து 51 டிகிரி வடக்கே இருக்கிறோம். சுமார் 2400 மீட்டரைத் தாண்டினால் மரமே கிடையாது, கல்லும் காற்றும்தான்.

ஊசியிலை மரம் எப்படி மஞ்சளாகும்? அது எப்போதும் பச்சையாகத்தானே இருக்கும்?

பைன், ஸ்ப்ரூஸ், ஃபிர் எல்லாம் அப்படித்தான். லார்ச் விதிவிலக்கு: ஊசியிலை மரமாக இருந்தும் ஆண்டுதோறும் இலை உதிர்க்கும். இங்கே வளர்வது லையல் லார்ச் என்ற வகை. மரங்கள் வளரக்கூடிய கடைசி உயரத்தில், வேறு மரங்கள் தயங்கும் இடத்தில் நிற்பது.

அந்த உயரத்தில் குளிர்காலத்தில் மரத்தைக் கொல்வது குளிரைவிடத் தாகம்தான். மண் உறைந்துவிட்டால் வேரால் நீர் எடுக்க முடியாது. ஆனால் வெயிலும் காற்றும் இலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இலையே இல்லாவிட்டால் இழப்பதற்கு ஒன்றும் இல்லை. அதனால் லார்ச் செப்டம்பரில் கடையை மூடுகிறது. இலையிலுள்ள நைட்ரஜன் போன்ற சத்துகளைக் கிளைக்குள் திரும்ப இழுத்துக்கொள்கிறது, பச்சையம் சிதைகிறது, அதுவரை பச்சைக்கு அடியில் மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் வெளியே தெரிகின்றன. ஒன்டாரியோவின் மேப்பிள் சிவப்பு வேறு கதை: அந்தச் சிவப்பு நிறமியை மரம் இலையுதிர்காலத்தில்தான் புதிதாக உண்டாக்குகிறது. லார்ச் அதைச் செய்வதில்லை. ஆகவே இங்கே மரங்களில் செம்மை தேடாதீர்கள், பொன் மட்டும்தான். செம்மை வேண்டுமானால் காலடியில் பாருங்கள். தரையோடு படரும் குறும்புதர்கள் அதே வாரத்தில் இரத்தச் சிவப்பாகியிருக்கும்.

ஒரு கிளையைக் கிட்டப் போய்த் தொட்டுப் பாருங்கள், பறிக்காமல். ஊசிகள் 30, 40 ஆகக் கொத்துக் கொத்தாக, பூனைமுடிபோல் மெத்தென்று இருக்கும். ஆள் உயரம்கூட இல்லாத மரத்துக்குப் பல பத்தாண்டு வயது இருக்கலாம். அவ்வளவு மெதுவான வளர்ச்சி. அதனால்தான் படத்துக்காக ஒரு நாற்றின்மேல் கால் வைப்பதைக்கூடப் பெரிய இழப்பாகச் சொல்கிறோம்.

எந்தத் தேதியில் போக வேண்டும்?

செப்டம்பர் 15க்கும் அக்டோபர் 1க்கும் இடையில். ஒரே தேதியைச் சொல் என்றால் செப்டம்பர் 20 முதல் 26 வரையிலான ஏதாவது வார நாள். மேலே இருக்கும் மரங்கள் முதலில் மாறும், கீழே இருப்பவை பிறகு. ஆகவே கொஞ்சம் முந்திப் போனாலும் மேல்புல்வெளியில் நிறம் கிடைக்கும்.

நிறத்தைக் கெடுப்பது காற்று. உச்ச நிறத்தில் இருக்கும் மரத்தை ஒரே இரவுப் புயல் மொட்டையாக்கிவிடும். மழையோ லேசான பனியோ அப்படிச் செய்யாது; பொன்மரத்தின்மேல் புதுப் பனி விழுந்த காலை கிடைத்தால் அது பேறு. எனவே வானிலை முன்னறிவிப்பில் மழைக்குறியைவிடக் காற்றின் வேகத்தை முதலில் பாருங்கள்.

சனி, ஞாயிறில் கூட்டம் நெருக்கும். செவ்வாய், புதன் என்றால் பாதையில் மூச்சுவிட இடம் இருக்கும்.

நான்கு பேராகத்தான் போக வேண்டும் என்கிறார்களே, உண்மையா?

கட்டுப்பாடு அமலில் இருக்கும்போது உண்மை, அதுவும் சட்டம். இந்தப் பள்ளத்தாக்கு கிரிஸ்லி கரடிகள் நடமாடும் இடம். கரடி நடமாட்டம் கூடும் காலத்தில் பார்க்ஸ் கனடா 'நான்கு அல்லது அதற்கு மேற்பட்டோர், நெருக்கமான குழுவாக மட்டும்' என்ற உத்தரவைப் போடும். மீறினால் கனடா தேசியப் பூங்காக்கள் சட்டத்தின் கீழ் 25,000 டாலர் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. எப்போது தொடங்கி எப்போது முடியும் என்பது கரடிகளைப் பொறுத்து ஆண்டுதோறும் மாறுகிறது. கிளம்பும் அன்று காலை பான்ஃப் பூங்காவின் அறிவிப்புப் பக்கத்தைப் பாருங்கள். பாதை தொடங்கும் இடத்திலும் பலகை இருக்கும்.

காரணம் எளியது. நான்கு பேர் சேர்ந்து நடந்தால் சத்தம் கூடும், கரடி தூரத்திலேயே உணர்ந்து விலகிவிடும். எதிர்ப்பட்டாலும் நான்கு பேர் ஒட்டி நின்றால் கரடியின் கண்ணுக்குப் பெரிய உருவம். செப்டம்பரில் கரடிகள் குளிர்கால உறக்கத்துக்குக் கொழுப்புச் சேர்க்கப் பகல் முழுக்கத் தின்றுகொண்டிருக்கும்; பழப்புதரில் தலையை நுழைத்திருக்கும் கரடிக்கு நீங்கள் வருவது தெரியாமல் போவதுதான் ஆபத்து. கட்டுப்பாடு இல்லாத நாளிலும் நான்கு பேருக்குக் குறைந்து போகாதீர்கள் என்பது எங்கள் கருத்து.

அப்படியானால் நான்கு பேர் சேர்ந்தால் போதும்தானே?

கணக்குக்குப் போதும், நடைக்குப் போதாது. பெரும்பாலான குழுக்கள் தடுமாறுவது இங்கேதான்.

நான்கு பேர் கிளம்புகிறீர்கள். இரண்டாவது கிலோமீட்டரில் ஒருவருக்கு முழங்கால் வலி. அவர் தனியாக இறங்க முடியாது. துணைக்கு ஒருவரை அனுப்பினால் மேலே இரண்டு, கீழே இரண்டு. இரண்டு பக்கமும் சட்டமீறல், இரண்டு பக்கமும் ஆபத்து. ஆக நால்வரும் திரும்ப வேண்டும். ஐந்து, ஆறு, ஏழு பேர் என்றாலும் இதே கதிதான். ஏழில் நான்கைக் கழித்தால் மூன்றுதான் மிஞ்சும். எட்டுப் பேர் இருந்தால் மட்டுமே குழுவை நான்கு நான்காகப் பிரிக்க முடியும். வேகமாக நடப்பவர்கள் கணவாய்க்கு ஏற, மற்றவர்கள் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு இறங்கலாம். எனவே பெற்றோரையோ புதியவர்களையோ கூட்டிப் போவதாக இருந்தால் எட்டுப் பேராகச் சேருங்கள். பன்னிரண்டைத் தாண்ட வேண்டாம். குறுகிய பாதையில் வால் நீண்டு, நெருக்கம் என்பதே இல்லாமல் போகும்.

பிரிவதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். இரண்டு நால்வர் அணிகளின் பெயர்ப்பட்டியல் பேருந்தில் ஏறும்போதே தயாராக இருக்கட்டும். ஒவ்வொரு அணியிலும் பாதையை வாசிக்கத் தெரிந்த ஒருவர், கரடி ஸ்ப்ரே (பாயும் கரடியின்மேல் அடிக்கும் மிளகாய்க் காரத் தெளிப்பான்) குறைந்தது இரண்டு, முதலுதவிப் பை ஒன்று. எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே பை கொண்டுவந்து அது மேலே போன அணியிடம் மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கும் பிழை.

நடக்கும்போது மிக மெதுவானவரை முன்னால் விடுங்கள். அனுபவசாலி கடைசியில் வரட்டும். வளைவுகளில் எண்ணிக்கொள்ளுங்கள். முன்னால் போய்விட்டு 'மேலே காத்திருக்கிறோம்' என்று கத்துவது நெருக்கமான குழு ஆகாது.

நாங்கள் இரண்டே பேர். என்ன செய்யலாம்?

பாதை தொடங்கும் பலகைக்கு அருகே நில்லுங்கள். காலை 8 முதல் 10 மணிக்குள் உங்களைப்போல் ஆள் சேர்ப்பவர்கள் பலர் வருவார்கள். முன்பின் தெரியாதவர்கள் அங்கே குழு சேர்வது சாதாரணம். சேர்வதற்கு முன் மூன்று விஷயம் பேசிக்கொள்ளுங்கள்: எதுவரை போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புகிறோம், யாரிடம் ஸ்ப்ரே இருக்கிறது. பலகையைத் தாண்டியதும் பிரிந்துவிடலாம் என்று சொல்பவரோடு சேராதீர்கள். பாதை நெடுகிலும், இறங்கும்போதும் நான்கு பேர் வேண்டும்.

குழந்தையையும் எண்ணலாமா?

முதுகில் சுமக்கும் குழந்தையை வைத்து நான்கு ஆக்காதீர்கள். பெரியவர்கள் நான்கு, குழந்தைகள் அதற்கு மேல். ஏழு எட்டு வயதுக் குழந்தை வழக்கமாக நடக்கிறவராக இருந்தால் லார்ச் வேலி வரை போகும், கணவாய் வேண்டாம். தள்ளுவண்டி இந்தப் பாதையில் உருளாது.

சொந்தக் காரில் மொரெய்ன் ஏரிக்குப் போக முடியுமா?

முடியாது. 2023 முதல் அந்தச் சாலையில் தனியார் கார்கள் முழுமையாக நிறுத்தப்பட்டுவிட்டன. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை உள்ள வண்டிகளுக்கு விலக்கு உண்டு. மற்ற எல்லோரும் பார்க்ஸ் கனடா ஷட்டில் பேருந்திலோ, பான்ஃப் ஊரிலிருந்து ஓடும் ரோம் (Roam) என்ற பொதுப்பேருந்திலோ, உரிமம் பெற்ற சுற்றுலா வண்டியிலோதான் போக வேண்டும். ஷட்டில் லேக் லூயிஸ் பனிச்சறுக்கு மைய வாகன நிறுத்தத்திலிருந்து கிளம்புகிறது. அங்கே காரை விட்டுவிட்டு ஏறலாம். அக்டோபர் நடுவில் வரும் கனடாவின் நன்றி நாளோடு பருவச் சேவை முடிந்துவிடும்.

இருக்கைகளில் 40 விழுக்காடு ஏப்ரலில் திறக்கப்படும். மீதி 60 விழுக்காடு பயண நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகக் காலை 8 மணிக்குத் திறக்கும். அது மலைப்பகுதி நேரம்; டொரன்டோவில் அப்போது காலை 10. சனிக்கிழமைப் பயணத்துக்கு வியாழக்கிழமை. லார்ச் வாரத்தில் இடங்கள் மளமளவென்று தீரும். ஆகவே பார்க்ஸ் கனடா கணக்கை முந்தைய நாளே தொடங்கி, அட்டை விவரங்களைக் கையில் வைத்துக்கொண்டு, 7:50க்கே காத்திருப்பு வரிசையில் சேருங்கள். எட்டுப் பேருக்கும் ஒரே ஆள், ஒரே முன்பதிவில் எடுப்பது நல்லது. இருவர் இருவராக எடுத்தால் ஒருவருக்கு 8 மணி வண்டியும் இன்னொருவருக்கு 11 மணி வண்டியும் கிடைத்து, குழு ஏரிக்கரையிலேயே மூன்று மணி நேரம் காத்திருக்க நேரும்.

மொரெய்னுக்கு நேரடி இடம் தீர்ந்துவிட்டால் லேக் லூயிஸ் ஏரிக்கரை ஷட்டிலுக்கு எடுங்கள். அதே சீட்டில் இரண்டு ஏரிகளையும் இணைக்கும் பேருந்தில் மொரெய்னுக்குப் போகலாம். அது வரிசையில் முந்தி வருபவருக்கு.

பூங்கா நுழைவு அனுமதி ஷட்டில் சீட்டோடு வராது, தனி. ஒரே வண்டியில் வரும் 7 பேர் வரை ஒரே குடும்ப அல்லது குழு அனுமதி போதும். எட்டுப் பேர் இரண்டு காரில் வந்தால் இரண்டு எடுக்க வேண்டும்.

பாதை எப்படி இருக்கும்?

ஏரியை வலதுகரை வழியாகத் தொட்டுக்கொண்டு, தங்கும் விடுதியைத் தாண்டியதும் வலப்பக்கம் மேலே ஏறும் கிளை. அங்கிருந்து முதல் இரண்டரைக் கிலோமீட்டர் காட்டுக்குள் கொண்டைஊசி வளைவுகள். மொத்த ஏற்றத்தில் பெரும்பகுதி இங்கேயே. லார்ச் ஒன்றுகூடத் தெரியாது, ஸ்ப்ரூஸும் ஃபிரும் வானத்தை மூடியிருக்கும். 'இதற்காகவா வந்தோம்' என்று குழுவில் முதல் முணுமுணுப்பு எழுவது இந்தப் பகுதியில்தான்; 45 நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் நின்று, நீர் குடித்து, மெதுவாக ஏறுங்கள்.

சுமார் 2.4 கி.மீ.யில் பாதை பிரியும். நேரே போவது ஐஃபெல் ஏரிக்கு. வலது பக்கம் லார்ச் வேலி. அந்தப் பிரிவிலேயே முதல் பொன்மரங்கள் வந்துவிடும். பிறகு ஏற்றம் தணிந்து, மரப்பாலம், ஓடை, மரங்களுக்கு நடுவே புல்வெளி. இங்கே எல்லோரும் முன்னால் பார்த்தபடியே நடப்பார்கள். திரும்பிப் பாருங்கள்: பத்துச் சிகரங்களும் பனிப்பாறையோடு பின்னால் நிற்க, முன்னால் லார்ச்சுகள். அந்தக் காட்சிக்குத்தான் இந்த நடை.

புல்வெளியைக் கடந்து மேலே போனால் மரங்கள் முடிந்து மின்னஸ்டிம்மா ஏரிகள் என்ற சிறு குளங்கள். மதிய உணவுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. காற்று அடித்தால் மட்டும் பத்து நிமிடம் பின்னால் வந்து, மர மறைவில் உட்காருங்கள்.

சென்டினல் பாஸ் வரை போகலாமா?

குளங்களிலிருந்து பார்த்தால் கணவாய்க்கு ஏறும் கோடு முழுவதும் தெரியும். டெம்பிள் மலைக்கும் (3543 மீட்டர்) பினக்கிள் மலைக்கும் நடுவே, சரளைக்கல் சரிவில் குறுக்கும் நெடுக்குமாக ஏறும் பாதை. ஏறத்தாழ 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். உலர்ந்திருந்தால் நடக்கிற யாரும் ஏறலாம்.

பனி இருந்தால் வேறு கதை. காலையில் மிதிபட்ட பனி மதியம் இளகி மறுபடி உறையும்போது கண்ணாடிபோல் ஆகிவிடும். ஷூவின் அடியில் மாட்டும் மைக்ரோஸ்பைக் இல்லாமல் ஏறிவிடலாம், இறங்க முடியாது. வழுக்கி விழுபவர்கள் பெரும்பாலும் இறக்கத்தில்தான் விழுகிறார்கள். குளத்திலிருந்து பார்க்கும்போது சரிவு வெள்ளையாக இருந்து உங்களிடம் ஸ்பைக் இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். உலர்ந்த நாளிலும் குறுக்குவழி வெட்டாதீர்கள். நீங்கள் உருட்டிவிடும் கல் கீழ்வளைவில் நிற்பவர் தலைக்குப் போகும்.

கணவாயின் மறுபக்கம் பாரடைஸ் வேலி. இறங்கிவிடாதீர்கள். பெரும்பாறைகள் நிறைந்த நீண்ட இறக்கம் அது; வெளியே வருமிடத்தில் உங்கள் ஷட்டில் நிற்காது. அங்கிருந்து டெம்பிள் மலைக்குத் தெரியும் தடமும் உங்களுக்கானது அல்ல. கல்விழும் சரிவுகளில் கையூன்றி ஏறும் அனுபவமும் ஹெல்மெட்டும் உள்ளவர்களுக்கானது.

எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

கலவையான குழுவுக்கு லார்ச் வேலி, குளங்கள் வரை போய்வர நான்கரை முதல் ஐந்து மணி நேரம். கணவாயும் சேர்ந்தால் ஆறு. கணக்குப் போட எளிய வழி: கிலோமீட்டருக்கு 12 நிமிடம், ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக 10 நிமிடம். லார்ச் வேலிக்கு அப்படி ஒரு மணி 45 நிமிடம் வரும். படம் எடுப்பதும் ஓய்வும் சேர்த்தால் இரண்டரை மணி ஆகும்.

ஏரிக்கரையில் 9:30க்கு நடக்கத் தொடங்கினால் நண்பகலில் புல்வெளி, 12:30க்குக் குளங்கள். கணவாய் அணி 1 மணிக்குள் கிளம்ப வேண்டும். 2:15க்கு எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும் என்பதை எல்லோரும் முன்பே ஒப்புக்கொள்ளுங்கள். செப்டம்பர் 22 வாக்கில் சூரியன் 7:30க்கு உதித்து 7:40க்கு மறைகிறது. ஆனால் மலைநிழல் பள்ளத்தாக்கில் அதற்கு வெகு முன்பே விழுந்துவிடும். திரும்பும் பேருந்துக்கு இட ஒதுக்கீடு கிடையாது, வரிசைதான். மாலை 4 மணிக்கு மேல் அந்த வரிசை ஒரு மணி நேரத்தைத் தின்னும். கடைசி வண்டி எப்போது என்று காலையில் இறங்கும்போதே ஓட்டுநரிடம் கேட்டு, குழுவில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

என்ன உடுத்துவது?

ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் வேண்டாம். பருத்தி வியர்வையைப் பிடித்துக்கொள்ளும். ஏறும்போது நனைந்து, மேலே நின்றதும் காற்றில் ஈரத்துணியோடு நடுங்குவீர்கள். உடலை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது பாலியெஸ்டர் பனியன், அதன்மேல் ஃப்ளீஸ், பையில் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட், உட்காரும்போது போட உள்ளே திணிப்பு வைத்த ஒரு ஜாக்கெட். தொப்பி, கையுறை கட்டாயம். ஏரியில் 8 டிகிரி இருந்தால் கணவாயில் 3 டிகிரிதான் இருக்கும். காற்று அடித்தால் உறைநிலைக்குக் கீழே இருப்பதுபோல் உறைக்கும்.

கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். வாகன நிறுத்தத்தில் கதகதப்பாக இருந்தால் பத்தாவது நிமிடத்தில் எல்லோரும் நின்று கழற்றுவீர்கள்.

கணுக்கால் வரை பிடிக்கும், அடிப்பள்ளம் ஆழமான ஷூ. புதியதாக இருந்தால் இரண்டு வாரம் முன்பே போட்டுப் பழக்குங்கள். இறக்கத்தில் கால்கட்டைவிரல் நகம் ஷூவில் முட்டி நீலமாவது வழக்கம், முந்தைய நாள் நகம் வெட்டுங்கள். கைத்தடி இரண்டு இருந்தால் முழங்கால் நன்றி சொல்லும். ஆளுக்கொரு தலைவிளக்கும் வேண்டும். ஃபோன் வெளிச்சத்தை நம்பாதீர்கள், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும்.

சாப்பாடு, தண்ணீர்?

ஆளுக்கு 2 லிட்டர் நீர். வழியில் ஓடைகள் உண்டு, ஆனால் வடிகட்டாமலோ கொதிக்க வைக்காமலோ குடிக்கக் கூடாது. ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி வயிற்றைக் கலக்கிவிடும். ஒரு பிளாஸ்கில் இஞ்சி டீயோ சுக்குக் காப்பியோ கொண்டுபோனால் மேலே அதன் மதிப்பு தெரியும்.

புளியோதரை இந்த நடைக்கென்றே செய்ததுபோல் இருக்கும்: குளிரிலும் சுவை கெடாது, கறிகூட்டு வேண்டாம். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி குளிரில் இறுகும், துணியில் சுற்றி ஜாக்கெட்டுக்கு உள்ளே வைத்தால் பரவாயில்லை. சப்பாத்தியை உருளையாகச் சுருட்டிக்கொண்டால் கையுறையோடே சாப்பிடலாம். நடுவில் கொறிக்க ஆளுக்கு 150 கிராம் அளவுக்குக் கடலைமிட்டாய், பேரீச்சம்பழம், முந்திரி.

மிச்சம் அனைத்தும் திரும்ப உங்கள் பையில். ஆரஞ்சுத்தோலும் 'மக்கிவிடும்' என்று எறிய வேண்டியதல்ல; அந்தக் குளிரில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும், விலங்குகளுக்கு மனித உணவின் ருசியைப் பழக்கும். அணில் கையை நீட்டினாலும் கொடுக்காதீர்கள். மனித உணவுக்குப் பழகிய கரடியைச் சில நேரம் கொல்ல வேண்டிவருகிறது. நீங்கள் போட்ட ஒரு கவளம் அதற்குத் தொடக்கமாக வேண்டாம்.

கழிப்பறை ஏரிக்கரையில் மட்டும். போய்விட்டே ஏறுங்கள்.

கரடி ஸ்ப்ரே எங்கே வாங்குவது, எப்படி வைத்துக்கொள்வது?

பான்ஃப், கேன்மோர், லேக் லூயிஸ் கடைகளில் கிடைக்கும், வாடகைக்கும் உண்டு. விமானத்தில் கைப்பையிலும் சரி, சரக்கிலும் சரி, எடுத்துப்போக முடியாது. எனவே டொரன்டோவில் வாங்கி வராதீர்கள், மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோகவும் எண்ணாதீர்கள். 225 கிராமுக்குக் குறையாத டப்பா, காலாவதித் தேதி கடக்காதது.

இடுப்புவாரிலோ மார்புவாரிலோ உறைபோட்டுத் தொங்கட்டும். பைக்குள் வைத்தால் இல்லாததற்குச் சமம். பேருந்தில் பாதுகாப்புக் கொண்டி மாட்டியபடியே இருக்க வேண்டும். மூடிய வண்டிக்குள் தவறிப்போய் அழுத்தினால் எல்லோருக்கும் கண், மூச்சு எரியும். கிளம்புமுன் ஒவ்வொருவரும் டப்பாவை உருவி, கட்டைவிரலால் கொண்டியைத் தொட்டுப் பழகுங்கள். ஐந்து முறை செய்தால் கை கற்றுக்கொள்ளும். இது கொசுவிரட்டி அல்ல. உடம்பிலோ பையிலோ பூசிக்கொள்ளக் கூடாது.

கரடி எதிரே வந்துவிட்டால்?

ஓடாதீர்கள். குழு ஒட்டி நிற்கட்டும், குழந்தைகள் நடுவில். தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே மெல்லப் பின்வாங்குங்கள். ஸ்ப்ரே கையில், கொண்டி கழற்றியபடி. கரடி பாய்ந்து வந்தால் ஏழெட்டு மீட்டர் தூரம் வந்ததும், அதன் முகத்துக்குச் சற்றுக் கீழே குறிவைத்து அடியுங்கள். அது மேகத்துக்குள் நுழைய வேண்டும். காற்று உங்கள் பக்கம் அடித்தாலும் அடியுங்கள், கண்ணெரிச்சல் தாங்கக்கூடியது. தன்னையோ குட்டியையோ காக்கத் தாக்கும் கரடி உடம்பைத் தொட்டுவிட்டால் பையைக் கழற்றாமல் குப்புறப் படுத்து, கால்களை அகட்டி, விரல்களைக் கோத்துப் பிடரியை மூடிக்கொண்டு அசையாமல் கிடங்கள். பின்தொடர்ந்து வந்து இரையாக எண்ணித் தாக்கினால் மட்டும் கையில் கிடைத்ததைக் கொண்டு எதிர்த்துப் போராடுங்கள்.

இவையெல்லாம் நேராமல் தடுப்பது சத்தம். ஓடைச் சத்தம் உள்ள இடத்திலும் கண்மறையும் வளைவிலும் கைதட்டிக் குரல் கொடுங்கள். பையில் கட்டும் சிறுமணி போதாது. ஸ்பீக்கரில் பாட்டுப் போட வேண்டாம். உங்கள் காதுக்குக் கரடியின் ஓசை கேட்காது, பின்னால் வருபவருக்கும் தொல்லை.

கரடிக்கு 100 மீட்டர், எல்க் மானுக்கு 30 மீட்டர் இடைவெளி. செப்டம்பர் எல்க் மான்களுக்குக் கூடல் பருவம். லேக் லூயிஸ், பான்ஃப் ஊர்ச்சாலையோரம் நிற்கும் ஆண்மானோடு தற்படம் எடுக்கப் போய் முட்டுப்படாதீர்கள்.

ஊரிலிருந்து வந்த அம்மா அப்பாவைக் கூட்டிப் போகலாமா?

தினமும் ஒரு மணி நேரம் நடப்பவர்கள், படியேறினால் நெஞ்சு அடைக்காதவர்கள் என்றால் போகலாம், எட்டுப் பேர் குழுவில். முந்தைய இரவைப் பான்ஃபில் (1383 மீட்டர்) தங்கிக் கழித்தால் உடம்பு கொஞ்சம் பழகும். இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் மருந்தைக் கூடவே வைத்துக்கொள்ளட்டும். குளிரில் தாகம் தெரியாது, நீர் குடிக்காமல் தலைசுற்றும். இன்சுலின் உறையாமல் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். சுற்றுலா விசாவில் வந்தவர்களின் மருத்துவக் காப்பீட்டில் ஆம்புலன்ஸ் சேர்ந்திருக்கிறதா என்று கிளம்புமுன் பாருங்கள்.

நடக்க முடியாதவர்களுக்கு ஏரிக்கரையே போதுமான விருந்து. கரையோரப் பாதை சமதளம், உட்கார மரக்கட்டைகள் உண்டு.

ஃபோன் எடுக்குமா?

மொரெய்ன் ஏரியிலும் பாதையிலும் சிக்னலை நம்ப முடியாது. வரைபடத்தை முன்கூட்டியே தரவிறக்குங்கள். அணிக்கு ஒரு செயற்கைக்கோள் தகவல் கருவி இருந்தால் நல்லது. ஐபோன் 14இலும் அதற்குப் பிந்தைய ஐபோன்களிலும் செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி அனுப்பும் வசதி உண்டு, திறந்த வானம் தேவை. எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதைக் கீழே இருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

நல்ல படம் எடுக்க?

வெயில் மரத்தின் பின்னாலிருந்து வரும்படி நில்லுங்கள், ஊசிகள் உள்ளிருந்து எரிவதுபோல் தெரியும். நேர்வெயிலில் அதே மரம் வெளிறும். ட்ரோன் பூங்காவில் தடை. பாதையைவிட்டு இறங்க வேண்டாம்.

ஷட்டில் இடமே கிடைக்கவில்லை. வேறெங்கு லார்ச் பார்க்கலாம்?

லேக் லூயிஸ் ஏரிக்கரையில் தொடங்கும் சேடில்பேக், ஒரு பக்கத்துக்கு 3.7 கி.மீ., ஏற்றம் 595 மீட்டர், குறுகியது, செங்குத்தானது. காரில் நேரே போகக்கூடியது டெய்லர் ஏரி: ஒரு பக்கத்துக்கு 6.3 கி.மீ., 585 மீட்டர், பெரும்பகுதி காட்டுக்குள், முடிவில் ஏரியைச் சுற்றி லார்ச். 93ஆம் நெடுஞ்சாலையிலிருந்து ஆர்னிக்கா ஏரிக்கு முதலில் விஸ்டா ஏரிவரை இறங்கிப் பிறகு ஏற வேண்டும். திரும்பும்போது களைத்த காலோடு கடைசியில் ஒரு ஏற்றம் காத்திருக்கும் என்பதைக் குழுவிடம் மறைக்காதீர்கள். பான்ஃபுக்கு வெளியே, கனனாஸ்கிஸில் ஹைவுட் பாஸ் அருகே அரெதூசா சர்க் (Arethusa Cirque) குழந்தைகளோடு போகிறவர்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை: சாலையே 2206 மீட்டரில் இருப்பதால் சிறிது நடந்ததும் லார்ச்சுகளுக்குள் இருப்பீர்கள். அங்கே பான்ஃப் அனுமதி செல்லாது, கனனாஸ்கிஸ் பாதுகாப்பு அனுமதி தனியாக எடுக்க வேண்டும். ஸ்ப்ரேயும் நால்வர் கணக்கும் அங்கேயும் கூடவே வரட்டும், கரடிகளுக்குப் பூங்கா எல்லை தெரியாது.